பதில் எழுதாத ஒரு கேள்வி

ஜனவரி 9

என் வாலுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே உன் மாமா, அத்தை, பெரியவன், சின்னவன் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சின்னவனுக்கு மூக்கு ஒழுகுகிறது. அது பிறந்ததிலிருந்தே ஒழுகுவதால் அதை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? ஆஸ்பத்திரியில் ஊரார் உடம்பையெல்லாம் பார்க்கிறாயே, உன் உடம்பைப் பார்க்க அங்கே யாராவது இருக்கிறார்களா?

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்பாய். உன் மாமா போன் அவரோடு லாரியில் சுற்றுகிறது. வீட்டில் இருப்பது அத்தையின் போன். அத்தைக்குக் காது மந்தம், அதனால் அது எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். நாம் பேசுவதைத் தெரு முழுக்கக் கேட்கும். கேட்டது போதாதென்று மிச்சத்தை விசாரிக்க வீட்டுக்கும் வரும். ஆகவே சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் இந்தச் சலவைக் கூடத்து முகவரிக்கே போடு.

வேலை பழகிவிட்டது. பெரிய ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்து வந்ததும், நானும் இன்னொருத்தியும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, சுருக்கம் எடுக்கும் சூடான ரோலருக்குள் நேராக விட வேண்டும். அவளை நான் ஜோடி என்றுதான் கூப்பிடுகிறேன், அவளும் என்னை அப்படித்தான். மேற்பார்வைக்கு ஒரு அம்மாள் இருக்கிறாள். நடக்கும்போதுகூட மடங்க மாட்டாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காதே. சின்னவன் பிறந்தபோது எனக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். ரத்தம் நிற்காமல், நான்கு பாட்டில் ஏற்றி, "இன்னொண்ணு இப்போதைக்கு வந்துடக் கூடாதும்மா, உசுருக்கு உத்தரவாதம் கிடையாது" என்று டாக்டரம்மா சொன்னார். காப்பர்-டி வைத்துப் பார்த்தேன். ரத்தப் பெருக்கு தாங்கவில்லை, எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நானும் பிள்ளைகளும் சமையலறையில், உன் மாமா முன்னறையில். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு நாள் வருகிறார். வந்தால் அவருக்குத் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். அவர் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் சண்டையாவது போடலாம்.

போன வாரம் ஜோடி ஒரு மாத்திரை அட்டை கொடுத்தாள். "வீட்டுக்காரர் வர்ற அன்னிக்கு ஒண்ணு, இருக்கிற மறுநாளுக்கு ஒண்ணு போட்டுக்கோ. ஆளு இல்லாதப்ப எதுக்கு வீணாக்கணும்?" என்றாள். பத்துப் பாத்திரம் தேய்க்கிற சோப்பு மாதிரி சொல்கிறாள். நான் இன்னும் போடவில்லை. போடலாமா?

உன் பதிலுக்காகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அக்கா


ஜனவரி 23

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நான் நன்றாக இருக்கிறேன். இந்த மாதம் முழுக்க இரவு வேலை, பகலில் தூக்கம், இதைத் தவிர குறையில்லை. என் அறையில் கூட இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் கட்டிலில் என் துவைத்த துணிகள் படுத்துக்கொண்டிருக்கின்றன.

முதலில் அந்த அட்டையை ஜோடியிடமே கொடுத்துவிடு. அவளுக்கும் சொல். இது தலைவலி மாத்திரை இல்லை, வலிக்கும்போது போட. தினமும் ஒன்று, மாமா வீட்டில் இருந்தாலும் போட வேண்டும், ஆயிரம் மைல் தள்ளி எந்தப் பாலத்துக்கு மேல் இருந்தாலும் போட வேண்டும். தினமும் போட்டால்தான் கரு முட்டை வெளியே வராமல் நிற்கும். அவர் வருகிற அன்று மட்டும் போட்டால் நிற்காது, நீ தைரியமாக இருப்பாய், அவ்வளவுதான். அந்தத் தைரியம்தான் ஆபத்து.

சரியாகப் போட்டால் நல்ல மாத்திரைதான். ஆனால் எல்லோருக்கும் ஆகாது. அதனால் மருந்துக்கடையில் வாங்காமல் மருத்துவமனைக்குப் போ. டாக்டரம்மா கேட்பதையே நான் இங்கே கேட்கிறேன், நீ எனக்கும் பதில் எழுத வேண்டும். ரத்தக் கொதிப்பு உண்டா, அளந்து பார்த்தாயா? சின்னவன் பால் குடிப்பதை நிறுத்திவிட்டானா? மஞ்சள் காமாலை வந்ததுண்டா? காலிலோ நெஞ்சிலோ ரத்தம் கட்டியதுண்டா, நம் பக்கத்தில் யாருக்காவது? நீ பீடி, சிகரெட் பிடிப்பதில்லை என்று நினைக்கிறேன், மாமியாருக்குத் தெரியாமல் பிடித்தால் இப்போதே சொல்லிவிடு. காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறாயா? கடைசியாக, தலைவலி வருமா? வருவதற்கு முன்னால் கண்ணில் மின்னுவது, வளைந்து வளைந்து கோடு போவது, பாதி மறைவது மாதிரி ஏதாவது ஆகுமா?

இன்னொன்று. மாத்திரை பிள்ளையைத்தான் தடுக்கும், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயைத் தடுக்காது. மாமாவைச் சந்தேகப்பட்டு எழுதவில்லை. வருகிற எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

மாமாவிடம் பேசினாயா? பிள்ளைகளுக்கு என் முத்தம். சின்னவனுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு.

உன் தங்கை


பிப்ரவரி 12

என் செல்ல வாலுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ பகலில் தூங்குவதாக எழுதியிருந்தாய், ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறாயா? வெளிச்சத்தில் தூங்கினால் உடம்பு தூங்கினதாகவே சேராது.

போனேன் அம்மா, போனேன். அரை நாள் சம்பளம் போனது, ஆனாலும் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் அவசரப்படுத்தவில்லை. கொதிப்பு அளந்தார், சரியாக இருக்கிறதாம். சின்னவன் பால் மறந்து வருஷம் ஆகிறது. காமாலை இல்லை. ரத்தக் கட்டு நம் வீட்டில் யாருக்கும் இல்லை. மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. பீடி பிடிப்பதில்லை, அத்தையோடு இத்தனை வருஷம் இருந்தும் பிடிக்காமல் இருப்பதற்கு எனக்குப் பரிசு தர வேண்டும்.

மாதவிலக்கு வந்த முதல் நாளே தொடங்கச் சொன்னார். அப்படித் தொடங்கினால் அன்றிலிருந்தே காவலாம். அட்டையில் இருபத்தொன்று ஒரு நிறம், கடைசி ஏழு வேறு நிறம். அந்த ஏழும் சும்மா, இரும்புச் சத்து, பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க. அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை, ஒரு நாளும் இடைவெளி விடக் கூடாது என்றார். காலையில் பல் தேய்த்ததும் போடுகிறேன். முதல் வாரம் குமட்டியது, இப்போது இல்லை.

உன் மாமா வந்தார். நான் முன்னறையில் என் பாயை விரித்தேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர், ஒரு கை உள்ளே ஒரு கை வெளியே அப்படியே நின்றார்.

"என்ன, அங்க எறும்பு வந்துடுச்சா?" என்றார்.

"ஆமா, பெரிய எறும்பு" என்றேன்.

அதற்குமேல் உனக்கு எழுத மாட்டேன். நீ இன்னும் கல்யாணமாகாதவள்.

காலையில் எழுந்தபோது என் கை அவர் முதுகின்மேல் இருந்தது. இரண்டு வருஷத்தில் அந்த முதுகு எவ்வளவு அகலம் என்பதையே மறந்துவிட்டேன். எடுக்க மனசில்லாமல் வேலைக்குத் தாமதமாகப் போனேன். இஸ்திரி திட்டினாள். திட்டட்டும்.

அவரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. அதெல்லாம் ஆம்பிளைக்கு எதற்கு? அவர் அத்தையிடம் உளறினால் அது ஸ்பீக்கரில் போய்விடும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 26

அன்பு அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு தனியாகச் சிரித்தேன். பக்கத்து அறைச் செவிலி சுவரைத் தட்டி, "யாரோட பேசிட்டிருக்கே?" என்று கேட்டாள். யாரோடும் இல்லை என்றேன். அது நிஜம்தானே.

ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறேன். பழைய போர்வை.

ஒரு மாத்திரை மறந்தால் பதறாதே. நினைவு வந்ததும் அதைப் போட்டுக்கொள், அன்றைய மாத்திரையும் சேர்ந்து இரண்டாகப் போனாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ மறந்தால்தான் ஒரு வாரத்துக்கு ஆணுறையும் சேர வேண்டும். போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது வயிற்றில் சேரவில்லை என்று அர்த்தம், இன்னொன்று போட வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

மாமாவிடம் சொல்லிவிடு அக்கா. அவருக்கும் இதில் பாதி இருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோது ஒன்று பார்த்தேன். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய், பீடிக்குக்கூட. தலைவலிக்கு எழுதவில்லை. மறந்துவிட்டாய் போலிருக்கிறது. டாக்டரம்மா கேட்டாரா? நீ என்ன சொன்னாய்?

பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை


மார்ச் 21

என் வாலுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. கல்யாண சீசன், ஓட்டல்கள் நிரம்பி வழிகின்றன, விரிப்பு மலையாகக் குவிகிறது. நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீ இளைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றுகிறது, இல்லை என்று பொய் எழுதாதே.

ஒரு நாள் இரட்டை வேலை பார்த்து வந்து மறந்துவிட்டேன். மறுநாள் நீ சொன்னபடி இரண்டு போட்டேன். பார், உன் அக்கா எவ்வளவு சமர்த்து.

உன் மாமா இரண்டு தடவை வந்து போனார். இப்போது வழியிலிருந்தும் கூப்பிடுகிறார், முன்பெல்லாம் டீசல் தீர்ந்தால்தான் வீட்டு ஞாபகம் வரும். அத்தையின் போனுக்குக் கூப்பிட்டு என்னை விசாரிக்கிறார்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"சோர்வு கீர்வு இல்லையே? சாப்பாடு எறங்குதா?"

அத்தை கேட்டுவிட்டு, "எனக்கு மூட்டு வலின்னு மூணு மாசமா சொல்றேன், அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலே" என்று ஒரு பொழுது பூராவும் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். எனக்கு உள்ளுக்குள் கரும்பு தின்றது போல இருந்தது. அவர் போன பிறகு வீடு முன்பைவிடக் காலியாக இருக்கிறது. அது ஏன் என்று தெரியவில்லை. முன்பு அவர் இருக்கும்போதே இல்லாதது பழகியிருந்தது போல.

தலைவலி எல்லோருக்கும் வருவதுதான். எங்கள் கூடத்தில் ரோலர் பக்கம் நிற்கிறவர்களுக்கெல்லாம் அது உண்டு. நாள் பூராவும் வெள்ளையைப் பார்த்தால் கண்ணுக்கு வெள்ளை பிடிக்கும், பிறகு மண்டை இடிக்கும். இஸ்திரி ஒரு கறுப்புத் துணியைக் கொடுத்து, பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வாள். இதையெல்லாம் போய் டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

திரைக்கு ஒரு நல்ல துணி எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே. நானும் அப்படியே.

வெள்ளை பிடிக்கும் என்றால் என்ன? வெள்ளையைப் பார்ப்பதால் கண் கூசுவது வேறு. கண்ணில் ஒரு இடத்தில் பளபளவென்று ஆரம்பித்து, ரம்பத்துப் பல் மாதிரி கோடு விரிந்து, ஒரு பக்கம் மறைந்து, கால் மணியோ அரை மணியோ இருந்துவிட்டுப் போன பிறகு மண்டை இடித்தால், அதற்கும் விரிப்புக்கும் சம்பந்தமில்லை. அது மூளையில் நடப்பது. அப்படிப்பட்ட தலைவலி இருக்கிறவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. மூளையில் ரத்தம் கட்டிவிடலாம். பக்கவாதம் அக்கா. உன்னைவிட இளையவளை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் வராது, ஆனால் யாருக்கு வரும் என்று முன்னால் தெரியாது.

உனக்கு அப்படிப் பிடித்ததா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

உன் தங்கை


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுதுவது தங்கை. ஒரு மாதம் ஆகிறது. இங்கே கீழே கடிதப் பெட்டியில் எனக்கு ஒரு துவாரம் இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் அதில் கையை விட்டுப் பார்க்கிறேன். நேற்று அதில் ஒரு சிலந்தி குடியேறியிருந்தது. அதற்காவது என்னிடம் வரத் தோன்றியதே.

நீ கோபமாக இருக்கிறாய், இல்லையென்றால் பயப்படுகிறாய். மாமா போனுக்குக் கூப்பிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். "எல்லாரும் சௌக்கியம்மா, அக்கா ஜோரா இருக்கா" என்றார். பிறகு, "அக்கா உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார். தொண்டை வரைக்கும் வந்தது. இது என் வாயால் அவருக்குப் போக வேண்டிய விஷயம் இல்லை என்று விழுங்கிவிட்டேன். சரியாகச் செய்தேனா என்று இன்னும் தெரியவில்லை.

ராத்திரி வார்டில் நாற்பது பேர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலையில் அறைக்கு வந்தால் என் மூச்சு மட்டும். அப்போதெல்லாம் நீ எப்படி இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சொல் எழுது.

உன் தங்கை


மே 10

தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என்னைத் தவிர என்று எழுத வேண்டும், அதைத்தானே நீ கேட்கிறாய்.

ஆமாம்.

எழுதிவிட்டேன், போதுமா? நீ என்னிடமிருந்து எதைப் பிடுங்குகிறாய் என்று உனக்குத் தெரியுமா? உனக்கு அது மாத்திரை. எனக்கு அது முன்னறை. இரண்டு வருஷம் அந்த மனுஷன் இருமுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டேன். அவர் புரண்டு படுத்தால் எனக்கு விழிப்பு வரும். எழுந்து போகலாம் என்று தோன்றும், ஆஸ்பத்திரி விளக்கு கண்முன் வரும், பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்வேன். அது வாழ்க்கையா சொல்.

டாக்டரம்மா கேட்டார். நன்றாகத்தான் கேட்டார். "தலைவலிக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது தெரியுமாம்மா?" நான் இல்லை என்றேன். வெள்ளை பிடிப்பது வேலையால் வருவது என்று மற்றவர்களைப் போல நானும் நம்பிக்கொண்டேன். முழுக்க நம்பவில்லை. நம்பியிருந்தால் சொல்லியிருப்பேன்.

முன்பு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. மாத்திரை தொடங்கிய பிறகு நான்கு தடவை வந்துவிட்டது. போன வாரம் வந்ததை உன்னிடம் சொல்லத்தான் வேண்டும். ரோலரில் விரிப்பை விட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பொட்டு பளபளத்தது. பிறகு உடைந்த கண்ணாடி மாதிரி வளைந்து விரிந்தது. விரிப்பின் வலப் பக்கம் இல்லை. ஜோடியின் முகத்தில் பாதி இல்லை. வலது கை விரல்கள் மரத்துப்போயின, விரிப்பை விடவில்லை என்பதே தெரியவில்லை. அது என்னையும் ரோலர் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஜோடி பாய்ந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள், இருவரும் ஈர மூட்டைமேல் விழுந்தோம்.

"செத்துத் தொலையப் பாத்தியே! உனக்கு என்னடி ஆச்சு?" என்று கத்தினாள்.

வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. என் பெயரே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. இஸ்திரி கறுப்புத் துணியைக் கொண்டுவந்தாள். அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன், வெள்ளை பிடித்திருக்கிறது என்று எல்லோரும் விலகி நின்றார்கள்.

இன்னமும் நிறுத்தவில்லை. அட்டையில் பாதி இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி அவர் வருகிறார். வந்து போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

திட்டி எழுது. ஆனால் எழுது.

உன் அக்கா


மே 15

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். திட்ட மாட்டேன். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

இன்றே நிறுத்து. அட்டை முடியட்டும் என்று இருக்காதே, அவர் வந்து போகட்டும் என்றும் இருக்காதே. கை மரத்து, வாய்ப் பேச்சு நின்றது சின்ன விஷயமில்லை. நாளைக்கே டாக்டரம்மாவிடம் போய் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லு, ஒன்றையும் விடாமல். அவர் கோபிக்க மாட்டார். கோபித்தால் என் பெயரைச் சொல்.

முன்னறையை யாரும் உன்னிடமிருந்து பிடுங்கவில்லை. அந்த மாத்திரையில் இரண்டு ஹார்மோன் இருக்கிறது, உனக்கு ஆகாதது அதில் ஒன்றுதான். அது இல்லாமல் மற்றது மட்டும் உள்ள மாத்திரை இருக்கிறது. கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி இருக்கிறது. எது உனக்குச் சரி என்று அவர் பார்த்துச் சொல்வார். நடுவில் நிறுத்தினால் காவல் உடனே போய்விடும், அதனால் அவர் சொல்லும்வரை ஆணுறை இல்லாமல் வேண்டாம். அதற்கு மாமாவிடம் பேசியாக வேண்டும் அக்கா. இனி வேறு வழி இல்லை.

இத்தனை நாள் பேசாமலே ஒரு மனுஷன் பக்கத்தில் படுத்திருந்தாய். இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்தால் என்ன?

மறுபடி பேச்சுக் குழறினாலோ, முகமோ கையோ ஒரு பக்கம் இழுத்தாலோ, கறுப்புத் துணி வேண்டாம். ஆம்புலன்ஸை வரவழை.

உன் தங்கை


ஜூன் 3

என் வாலுக்கு,

இந்தக் கடிதம் உன்னை நல்லபடியாகக் காண வேண்டும். இங்கே எல்லோரும் சுகம், இந்தத் தடவை என்னையும் சேர்த்து எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்றே அட்டையை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். மறுநாள் போனேன். டாக்டரம்மா கோபிக்கவில்லை. கண்ணை, கையை, நடையை எல்லாம் சோதித்துவிட்டு, "வந்தீங்களே, அதுவே போதும்" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து ஒரு படமும் எடுக்க வைத்தார். மூளையில் ஒன்றும் கட்டவில்லை. இந்த மாத்திரையை இனி வாழ்நாளில் தொடாதே, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல் என்றார். வேறு மாத்திரையைப் பற்றி, "வீட்டுக்காரரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, பேசிட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

உன் மாமா வெள்ளி மத்தியானம் வந்து தூங்கிவிட்டார். நான் வேலையிலிருந்து வந்தபோது நாலு மணி. அத்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். அவர் எழுந்து டீக்கு வந்தவர், என் பாய் சமையலறையில் இருப்பதைப் பார்த்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"மறுபடியுமா?" என்றார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜோடி கொடுத்தது, நீ எழுதியது, தினமும் பல் தேய்த்ததும் போட்டது, கண்ணில் வந்தது, ரோலர். டீ பொங்கி வழிந்தது, துடைக்காமல் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மாத்திரை போட்டுக்கிட்டா இருந்தே?"

"ஆமா."

"பிப்ரவரியிலேருந்தா?"

"ஆமாங்கிறேனே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு. நீங்களும்தான் கேக்கல."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார், தூக்கம் போகத் தேய்ப்பது போல. அது தூக்கம் இல்லை.

"நீயா முன்னறைக்கு வந்தே. வேண்டாம்னு சொன்னா மனசு ஒடிஞ்சுடுவியேன்னு பேசாம இருந்தேன். போன பெறகு வண்டியில ஒவ்வொரு நாளும் எண்ணுவேன். இந்நேரம் தங்கியிருக்குமோ, ஆஸ்பத்திரியில பாத்தோமே அப்படி மறுபடியும் ஆயிடுமோன்னு. உடம்பு எப்படி இருக்குன்னு போன் போட்டா நல்லாருக்குன்னுவே. எனக்கு என்ன கேக்கணுமோ அத ஸ்பீக்கர்ல எப்படிடி கேக்கறது?"

வாலு, அந்தப் போன்களை நான் என்னவென்று நினைத்துப் பூரித்தேன் என்று உனக்குத்தான் எழுதினேன். நான் பயமில்லாமல் தூங்கிய மூன்று மாதமும் என் பங்குப் பயத்தையும் சேர்த்து அவர் ஒருவரே பயந்திருக்கிறார்.

"ரெண்டு வருஷமும்?" என்று கேட்டேன். "நான் உள்ள படுத்தப்போ?"

"அப்போ நிம்மதியா இருந்துச்சு" என்றார். "நீ உசுரோட இருக்கேல்ல, அது போதும்னு."

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. அத்தை வந்து, "அடுப்பெல்லாம் டீ, ரெண்டு பேரும் தரையில உக்காந்து என்ன பண்றீங்க?" என்றாள். "எறும்பு பாக்குறோம்" என்றார் உன் மாமா.

சனிக்கிழமை காலை டாக்டரம்மாவிடம் கூட வந்தார். பெஞ்சு நிறையப் பெண்கள், நடுவில் இவர் ஒருவர், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். டாக்டரம்மா ஒற்றை ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டுமாம், இதில் சும்மா மாத்திரை கிடையாது. தொடங்கிய புதிதில் ஆணுறையும் வேண்டும் என்று இவரைப் பார்த்தே சொன்னார். இவர் தலையை ஆட்டினார். பிறகு, "ஆம்பிளைக்கு ஒரு சின்ன ஆபரேஷன் இருக்காமே, அதப் பத்தியும் சொல்லுங்க" என்றாரே பார்க்கலாம். பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முடிவு ஒன்றும் ஆகவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை கிளம்பினார். வழக்கமாக வாசலோடு நின்றுவிடுவேன். அன்று லாரி நிற்கிற மைதானம் வரைக்கும் போனேன். "ஏறிப் பாக்கறியா?" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வண்டிக்குள் நான் ஏறியதே இல்லை. இருக்கைக்குப் பின்னால் அவர் படுக்கிற பலகை இருக்கிறது. என் சமையலறையைவிடச் சின்னது, காலை நீட்ட முடியாது. தலைமாட்டில் ஒரு தண்ணீர் பாட்டிலும் மடித்த துண்டும் இருந்தன. அந்தத் துண்டு தலைகாணி. நான் அதன்மேல் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். மேலே தகரம், முகத்துக்குக் கைநீளத்தில். எண்ணுவதைத் தவிர அங்கே செய்ய வேறு ஒன்றும் இல்லை.

அவர் கீழே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இறங்குகிறேனா என்று கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா